எட்டு மடங்கு பெட்டி

1

மழைக்கு ஒதுங்கப் போய்க் கிடைத்த கதை இது. ஒரு பல்கலைக்கழகத்தில் திறந்திருந்த அறைக்குள் நுழைந்தேன். புதுப் பொருள்களைக் கணினியிலேயே செய்து பார்ப்பவர்களின் வாராந்திரக் கருத்தரங்கு. அங்கே ஒரு வழக்கம்: பேசுகிறவர் கடைசிப் படமாக ‘நான் தவறியிருக்கக்கூடிய இடம்’ என்று ஒன்றைக் காட்டியாக வேண்டும். அதற்குப் பிறகுதான் கேள்வி, தேநீர் எல்லாம்.

அன்று பேசிய பெண் அந்தப் படத்துக்கு வந்ததும் முன்வரிசையைப் பார்த்தாள். அங்கே, அதே மூக்கோடு இன்னொருத்தி. மற்றதில் பாதி விசாரித்தது, பாதி கற்பனை.

2

இந்தக் கதைக்கு நான் எழுதிய முதல் தொடக்கம்: ‘அணுக்கள் உறங்குவதில்லை. அவளும்...’

அடித்தாயிற்று.

அடுத்ததில் அவளை மட்டும் கணினி முன் உட்காரவைத்தேன். சில பக்கங்கள் ஓடின. வந்தவர் போனவர் எல்லாரும் அவளைப் போலவே பேசினார்கள், துறைத்தலைவர் உட்பட. ஏன் என்பது அவள் வேலை புரிந்த பிறகுதான் விளங்கிற்று.

3

ஒரு படிகத்தின் அணுக்கள் அத்தனையையும் கணினி தாங்காது. ஆகவே சிலவற்றை ஒரு பெட்டிக்குள் வைத்து, அதே பெட்டிதான் எல்லாத் திசையிலும் திரும்பத் திரும்ப வருகிறது என்று கணக்கிடுவார்கள். பெட்டி சின்னதென்றால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் நம் நகலாகவே இருப்பான். நாம் வலப்பக்கம் சாய்ந்தால் அவனும் வலப்பக்கம்தான். இடப்பக்கம் சாய அவனுக்கு அனுமதி கிடையாது.

(என் பக்கங்களும் அப்படித்தான் கெட்டுப்போயின. எனவே முன்வரிசையில் பார்த்த அக்காவை உள்ளே கொண்டுவருகிறேன்.)

4

தங்கை கணக்கிட்டுச் சொன்ன பொருளை நிஜத்தில் செய்பவள் அக்கா. தூள் அரைத்து, வில்லையாக அழுத்தி, உலையில் சுட்டு, எக்ஸ்கதிரில் வைத்து, அணுக்களின் அடுக்கு எந்தெந்த இடத்தில் கோடாக விழுகிறது என்று பார்ப்பாள். தங்கை சொன்ன இடங்களில் கோடுகள் வந்தன. சொல்லாத இடங்களிலும் சின்னச் சின்னக் கோடுகள் வந்தன. அழுக்கு கலந்துவிட்டதென்று அக்கா மறுபடி அரைத்தாள். மறுபடியும் வந்தன.

“என் கை சரியில்லடி,” என்றாள், தன் சமையலறையில் தட்டைக் கழுவிக்கொண்டே. “நாளைக்குக் கருத்தரங்குல நீ பேசி முடி. இந்தப் பொருள் எனக்கு வரல, உலைய அணைச்சிடலாம்னு நானே எழுந்து சொல்லிடறேன்.”

“கையில என்னக்கா குறை?”

“வெந்நீ வச்சாக்கூட அதுல தூசி கிடக்குதாம். உங்க மாமா சொல்றாரு.”

“மாமா வெந்நீ வச்சு நான் பார்த்ததே இல்லையே.”

அக்கா சிரித்தாள். ஆனால் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

5

அது தங்கையைக் குடைந்தது. அக்காவின் கை அப்படிப்பட்டதல்ல. வீட்டுக்கு வந்து, கணினியில் பெட்டியை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இரட்டித்தாள். எட்டு மடங்கு. காலையில் கணக்கு முடிந்திருந்தது.

சில அணுக்கள் சேர்ந்த ஒரு கூண்டு வலம் சாய்ந்திருந்தது. அடுத்தது இடம். அதற்கடுத்தது வலம். யாரும் சொல்லித்தரவில்லை, இடம் கிடைத்தது, சாய்ந்துகொண்டன. அந்தச் சாய்வுக்கு எக்ஸ்கதிர்க் கோடுகள் எங்கே விழும் என்று பார்த்தாள். அக்காவின் ‘அழுக்கு’ ஒவ்வொன்றும் இருந்த இடத்திலேயே விழுந்தது.

[‘அவள் மெய்சிலிர்த்தாள்’ என்று எழுதி வெட்டினேன். சிலிர்த்தது எனக்கு.]

உலைக்குள், எந்தக் கண்ணும் படாத இடத்தில் சாய்ந்து நின்ற ஒன்று, வேறொரு வீட்டில் வெறும் கணக்குக்குள்ளும் அதே மாதிரி சாய்ந்து நின்றது. இதன் முன்னால் என் வாக்கியங்கள்...

6

கடைசிப் படம். அக்காவின் கோடுகள்; அவற்றின் மேல் தங்கையுடையவை. தங்கை முன்வரிசையைப் பார்த்துச் சொன்னாள்: “என் பெட்டிதான் சின்னது. அக்கா கை சுத்தம்.”

முடிவு ஒன்று: அக்கா அழுகிறாள். (அழுகிறவள் அல்ல.)

முடிவு இரண்டு: கட்டிக்கொள்கிறார்கள். (நடுவில் மேசை இருந்தது.)

நான் பார்த்தது இவ்வளவுதான். முன்வரிசைப் பெண் எழுந்து போய், திரையில் ஆகச் சின்னக் கோட்டின் மேல் விரலை வைத்தாள். அப்படியே நின்றாள். “கேள்வி இருக்கா?” என்றார் கருத்தரங்கை நடத்தியவர். அவள் திரும்பாமலே மற்றக் கையை உயர்த்தினாள். உலை எரிவதும் அணைவதும் அவள் அடுத்துச் சொல்வதில் இருந்தது. அதற்குள் நான் வெளியே வந்துவிட்டேன். மழை விட்டிருந்தது என்று சொல்ல ஆசை, விடவில்லை.

அவள் என்ன கேட்டிருப்பாள் என்று நானே எழுதினால் அதுவும் என் பக்கமே சாயும். பெட்டியைப் பெரிதாக்கி உங்களுக்கு இடம் விட்டிருக்கிறேன். சாயுங்கள்.