தரகர் வாய் திறந்த நாள்

சங்கிலிப்பாண்டி மாட்டுத் தரகர். சுரண்டைச் சந்தையில் எந்தக் காளையானாலும் மூக்கைப் பிடித்து, கடைவாயில் கட்டைவிரலை விட்டுப் பிளந்து, பல்லைப் பார்த்து வயசைச் சொல்லிவிடுவார். ஆறு பல்தான், இளசு என்று சத்தியம் பண்ணுகிறவனிடம், அந்த மாட்டின் பேரன் பேத்திகள் சுகமா என்று விசாரிப்பார்.

அவர் வாயைத்தான் யாரும் பார்த்ததில்லை. இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்திய உலகம்மாளுக்கே அதன் வாசனை மட்டும்தான் பழக்கம். அவர் தெருமுனையில் வரும்போதே அடுக்களைக்குத் தெரிந்துவிடும். ஈறு வீங்கினால் ஒரு கிராம்பு, சீழ் வடிந்தால் கூடக் கொஞ்சம் போயிலை. அவ்வளவுதான் வைத்தியம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழில், ஆனியில் வந்த காய்ச்சல் ஆடிக் கடைசியிலும் போகவில்லை. நாலு எட்டு வைத்தால் இரைத்தது. குற்றாலத்தில் சாரல் பிரமாதம், அருவியில் நின்றால் எல்லாம் ஓடிவிடும் என்று சொந்த ஊர் மேலகரத்திலிருந்து வண்டி கட்டினார். நின்றார். நாலு பேர் தூக்கிவந்து கரையில் கிடத்தினார்கள். இந்த வருஷம் தண்ணீர் கனம் ஜாஸ்தி என்று அருவிமேல் பழி போட்டார்.

கூட வந்திருந்த உலகம்மாள் அதே வண்டியைத் தென்காசி ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னாள்.

டாக்டர் சிவசுப்பிரமணியன் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு வாயைத் திறக்கச் சொன்னார். தரகர் உதட்டை இறுக்கிக்கொண்டார்.

“நோவு நெஞ்சுல. நீங்க வாயைப் பாக்குதிய. நான் என்ன சந்தைக்கா வந்திருக்கேன்?”

பல்லின் வேரில் பிடித்த சீழ் ரத்தத்தோடு போய் நெஞ்சுக்குள் குடியேறிவிடும் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். தரகர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் உலகம்மாளுக்கு அவர் பயம் விளங்கியது. இவர் பல்லைப் பார்த்துக் கழித்த கிழட்டு மாடெல்லாம் செங்கோட்டை தாண்டி மலையாளத்துக்கு அடிமாடாகப் போனதுதானே.

அவள் எழுந்தாள். அவர் மூக்கைப் பிடித்தாள். ஏற்கெனவே மூச்சு முட்டுகிற மனுஷன், எவ்வளவு நேரம் தாங்குவார்? வாய் திறந்ததும் கட்டைவிரலைக் கடைவாயில் கொடுத்தாள்.

“ஏட்டி, நான் என்ன மாடா?” என்றது விரலைச் சுற்றி ஒரு குழறல்.

“மாடுன்னா இதுக்குள்ள சொன்ன பேச்சைக் கேட்டிருக்கும்.”

டாக்டர் விளக்கோடு குனிந்தவர், நாற்றத்தில் அரையடி பின்வாங்கி, மறுபடி குனிந்தார். ஒன்பது பல் வேரோடு அழுகியிருந்தது. பிறகு வெகுநேரம் கை கழுவினார். பிடுங்கிவிடலாமா என்று உலகம்மாள் கேட்டாள். இரண்டு வருஷம் முந்தி வந்திருந்தால் பிடுங்கியிருப்பேன், இப்போது பிடுங்கினால் நெஞ்சுக்கு இன்னும் ஆபத்து என்று சொல்லி, ஒரு மருந்து எழுதிக் கொடுத்தார்.

திரும்பும்போது தரகர் வண்டியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

“வாயைப் பாத்துட்டு விலை சொல்லாமப் போறான்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா?” என்றார்.

அவர் தோள்துண்டை எடுத்து உலகம்மாள் கைமேல் போட்டார். சந்தையில் பேரம் அப்படித்தான். பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாமல், துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். வண்டிக்காரன் முன்னால் உட்கார்ந்திருந்தான். துண்டுக்குள் தரகர் அவளுடைய இரண்டு விரல்களைப் பிடித்தார். தனக்கு மிச்சம் இரண்டு மாசம்.

அவள் மூன்றாவது விரலையும் அவர் கைக்குள் திணித்தாள். அவர் அதை மெதுவாக மடக்கிவிட்டார். மறுபடி திணித்தாள். மேலகரம் வரைக்கும் பேரம் நடந்தது; கட்டைவிரலைக்கூட அவள் விட்டுவைக்கவில்லை.

புரட்டாசிக் கடைசியில், அவர் சொன்ன விலைக்கே முடிந்தது.