இடக்கைக் கத்தி

பொறிகள் வாளித் தண்ணீரில் விழுந்து சுர்சுர்ரென்று சாகின்றன, வீட்டுப் பின்கொட்டகையில் மோட்டாரில் ஓடும் எமரி பெல்ட்டில், உப்புத்தாள் பட்டையில், சென்னியப்பன் தகட்டை அழுத்துகிறார், சூடு விரலைச் சுட்டதும் தண்ணீரில் முக்குகிறார், மறுபடி அழுத்துகிறார், இருப்புக் கொள்ளவில்லை அவருக்கு, மத்தியானத்துக்குள் மச்சான் வேலுச்சாமி காங்கேயத்திலிருந்து டாக்ஸியில் வந்துவிடுவார், பெண்டாட்டி மயிலாத்தாளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார், அப்புறம் இந்த ஆவாரம்பாளையத்து வீட்டில் பெல்ட் இரைச்சல்தான் இருக்கும், வேறு என்ன இருக்கப்போகிறது. பக்கவாதம் வந்து வலக்கை விழுந்ததிலிருந்து அவள் அடுப்படிப் பக்கமே போகவில்லை, அரிவாமனைக்கு ரெண்டு கையும் வேணுமுங்க, ஒரு வெண்டைக்கா அரிய வக்கில்லாதவ இங்க உக்கோந்துட்டு என்ன பண்றது, எங்கண்ணன் ஊட்டுக்கே போறனுங்க என்றாள், அழவில்லை, அழுதிருந்தால்கூடத் தேவலை. இடக்கைக்கு ஒரு கத்தி பண்ணித் தர்றேன், பாத்துட்டு அப்புறம் போ என்றார் இவர். இரும்பைக் காய்ச்சி அடிக்கிற கொல்லு வேலை தெரியாது, லேத் பட்டறையில் காலமெல்லாம் தேய்த்தே பழகிய கை, மர மில்லின் பழைய ரம்பத் தகட்டை வெட்டியெடுத்துத் தேய்த்தே கத்தியாக்குவார், அடிக்கிறவன் தப்பினால் மறுபடி காய்ச்சி நீட்டிக்கொள்ளலாம், தேய்க்கிறவனுக்குப் போனது போனதுதான். அதிலும் இந்த மனுசனுக்கு நிறுத்தத் தெரியாது, சீராக்குகிறேன் பேர்வழி என்று முதல் தகட்டை ஈர்க்குச்சியாக்கினார், அடுத்ததை அவசரத்தில் நீலம் பாயச் சுட்டார், நீலம் பாய்ந்த எஃகு கூர் தாங்காது, மிச்சம் இது ஒன்றுதான், ஒரு பக்கம் மட்டமாக விட்டு ஒரு பக்கம் மட்டும் சரிவு போடுகிறார், அப்படிப் போட்டால்தான் மெல்லிசாகச் சீவும், தேய்க்கத் தேய்க்க அவள் கை தெரிகிறது, கல்யாணமான புதிதில் வாழைக்காய் சீவுகிற கை, கண்ணாடி வளையல் ஏறி இறங்குகிறது, சீவல் காகிதமாய் விழுகிறது, என்னத்தைங்க அப்பிடிப் பாக்கறீங்க, எம் மூஞ்சிலியா வாழைக்கா காச்சிருக்குது என்கிறாள், சிரிக்கிறாள், சிரிப்பு பெல்ட் இரைச்சலில் கலக்கிறது, இதோ அந்தக் கை, அந்த மணிக்கட்டு, சரிவு அதற்கேற்ப வழுக்கிக்கொண்டு வருகிறது, பிடியும் மாட்டியாயிற்று, வாசலில் டாக்ஸி ஹாரன்.

இரண்டு ஆணி அடித்த பலகையில் வாழைக்காயைக் குத்தி நிறுத்தி, கத்தியை அவள் இடக்கையில் கொடுத்தார். அழுத்தினாள், கத்தி கோணிக்கொண்டு வெளியே ஓடியது, துண்டு ஒரு பக்கம் தடியாகவும் ஒரு பக்கம் நூலாகவும் விழுந்தது, மறுபடி அழுத்தினாள், மறுபடி ஓடியது. கத்தியைப் புரட்டிப் பார்த்தாள், சரிவு வலப்பக்கம் இருந்தது, வலக்கை பிடிக்கிற கத்திக்குப் போடுகிற பக்கம். இந்தக் கைக்குப் பண்ணலீங்க நீங்க, செத்த கைக்குப் பண்ணியிருக்கறீங்க என்றாள். அவருக்கு அப்போதுதான் உறைத்தது, அட மடையா, அவளை வீட்டுக்குள் உட்கார வைத்துவிட்டு பழைய மயிலாத்தாளுக்கல்லவா தேய்த்திருக்கிறாய். வேலுச்சாமி பையைத் தூக்கிவிட்டார், கெளம்பலாம் மயிலு, வெயில் ஏறுது.

இருங்க மச்சான், மாத்தித் தந்தர்றேன் என்று சென்னியப்பன் பின்கொட்டகைக்கு ஓடினார், ஓடினாரே தவிரக் கத்தியைப் பெல்ட்டில் வைக்கவில்லை, போட்ட கூரைத் தேய்த்தெறிந்து மறுபக்கம் சரிவு போடவேண்டும், எங்கே நிறுத்துவது, இதுவும் ஈர்க்குச்சியானால் அவளை எதைச் சொல்லி நிறுத்துவது. காலை இழுத்துக்கொண்டு மயிலாத்தாள் பின்னாலேயே வந்தாள், அவர் தோளில் இடக்கையை வைத்தாள், தேய்ங்க, நாஞ் சொல்றேன். பொறிகள் பறக்கின்றன, சூடேறுதுங்க, முக்குங்க, முக்குகிறார், கத்தி ஒடுங்குகிறது, இன்னும் ஒரே இழுப்பு, இன்னும் கொஞ்சம் என்று கை பரபரக்கிறது, போதுமுங்க என்று தோளை அழுத்துகிறாள். ஆயுசில் முதல் தடவையாக, சொன்ன இடத்தில் எடுத்துவிட்டார்.

இரண்டு விரல் அகலம்தான் மிஞ்சியிருந்தது. பலகைக்கு வந்து நறுக்கினாள், ஒரு வட்டம் விழுந்தது, காகிதமாக இல்லை, தடியாகத்தான், ஆனால் நேராக, அடுத்ததும் நேராக. மயிலு, வண்டி நிக்குதம்மா என்றார் வேலுச்சாமி. நிக்கட்டும், வாழைக்கா வறுக்கறேன், நீ சாப்ட்டுட்டுப் போண்ணா என்றாள் தலை நிமிராமலே. சென்னியப்பன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பெல்ட்டை நிறுத்த மறந்துட்டேன் என்று கொட்டகைக்குப் போனார், பெல்ட் எப்போதோ நின்றிருந்தது, வாளியில் பொறிகளெல்லாம் கரியாக அடியில் படிந்து, தண்ணீர் அசையாமல் கிடந்தது.