எவர்சில்வர் டம்ளர்

அந்தத் தொழிற்சாலையில் பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பா செய்பவர்கள் எவரும் அந்த டப்பாவில் சாப்பிடுவதில்லை. ஏன் என்று எவரும் கேட்பதுமில்லை. மதிய மணி அடித்ததும் இயந்திரங்களின் ஓரத்திலிருந்து எவர்சில்வர் தூக்குகள் வெளியே வரும். புதிதாகச் சேர்ந்த ஒருத்தி கழித்துப்போட்ட டப்பா ஒன்றில் தன் சுடுசோற்றைக் கொட்டிக்கொள்ளப் போனால், பக்கத்தில் இருப்பவள் பேசாமல் தன் தூக்கின் மூடியை அவள் பக்கம் நகர்த்துவாள். அவ்வளவுதான் பாடம். சூடு பட்டால் அந்த டப்பாவிலிருந்து எழும் வாடையை எல்லோருடைய மூக்கும் அறியும். வாய் மட்டும் அறியாது.

அங்கே வேலை செய்பவர்களில் ஒருத்தி அவள். மூடிகளை அமுக்கிச் சரிபார்க்கும் மேசை அவளுடையது. "உலகத்துக்கே வாய்ப்பூட்டு போடுறவ" என்று தோழிகள் கேலி செய்வார்கள். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் அக்காவின் கணவர், அங்கே மேற்பார்வையாளர். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று அக்கா அவ்வப்போது நினைவூட்டுவாள். அவளும் நினைத்துக்கொண்டுதான் இருந்தாள், மகளின் பள்ளியில் இனி மதிய உணவு அதே டப்பாவில்தான் என்ற அறிவிப்பு வரும்வரை. அன்றிலிருந்து அவள் அமுக்கிய ஒவ்வொரு மூடிக்கும் அடியில் மகளின் சின்ன விரல்கள் தெரிந்தன.

பெற்றோர் கூட்டத்துக்கு டப்பாவை அறிமுகப்படுத்த வந்தவர் மாமாவேதான். வாசலிலேயே அவளை ஓரங்கட்டினார். "இங்க நீ பிள்ளையோட அம்மா, அவ்வளவுதான். எங்க வேலை பாக்குறன்னு யாருக்கும் தெரிய வேண்டாம்."

உள்ளே, சூடு பட்டால் ஏதாவது உணவில் இறங்குமா என்று ஒரு தகப்பன் தயங்கித் தயங்கிக் கேட்டார். மாமா சிரித்தார். எல்லாம் பரிசோதித்ததுதான், தன் பிள்ளையும் இதே பள்ளியில்தான் படிக்கிறான் என்றார். பிறகு எல்லோருக்கும் அந்த டப்பாக்களிலேயே சூடான சூப் வந்தது. மாமா பேச்சை நிறுத்தாமல் தன் பையிலிருந்து எவர்சில்வர் டம்ளரை எடுத்து, சூப்பை அதில் சாய்த்து, ஊதி, ஒரு வாய் குடித்தார். பொய் சொல்ல வாய் பழகியிருந்தது, கை பழகவில்லை. அதற்குப் பிறகுதான் டம்ளரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

அவள் எழுந்துவிட்டிருந்தாள்.

"உக்காரும்மா," என்றார் தணிந்த குரலில். "உங்க அக்காவ நினைச்சுப் பாரு."

"நினைச்சுத்தான் மாமா எந்திரிச்சேன். அவ பெத்த பிள்ளையும் இங்கதானே சாப்பிடப் போகுது."

நாளைக்குத் தொழிற்சாலையில் அந்த மேசை தனக்கில்லை என்பது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. தெரிந்தேதான் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"இந்த மூடியெல்லாம் என் கை பட்டுத்தான் வருது. இது விஷமா இல்லையான்னு எனக்குத் தெரியாது, அதச் சொல்ற படிப்பும் எனக்கில்ல. ஆனா இதச் செய்யுற நாங்க ஒருத்தரும் இதுல சாப்பிடறதில்ல. எங்க வாய்க்கு ஆகாதது எம் பொண்ணு வாய்க்கு எப்படி ஆகும்?"

கரண்டிகள் பாதியில் நின்றன. அவள் தன் டப்பாவின் மூடியைத் திறந்து, மாமாவின் முன்னால் நகர்த்தினாள்.

"இதுலயே குடிங்க மாமா. நான் உக்காந்துக்கறேன்."

டப்பாவிலிருந்து ஆவி எழுந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் அதை மோந்து பார்க்கக் குனிந்தார்கள். டம்ளரைக் கீழே வைக்க மேசையில் இடம் தேடியபடி நின்றுகொண்டிருந்தார் மாமா. எங்கு பார்த்தாலும் டப்பாக்களாகவே இருந்தன.