உப்பு பார்க்காத தளிகை

என் வலைப்பூவில் ஏகாதசிப் பலகாரத்துக்கு நேர் கீழே ஒரு கோழிக்கால் முளைத்த அன்று, என் மாமனார் வேங்கடேசன் கோயிலில் பாராயணம் முடித்து எழுந்துகொண்டிருந்தார். கோஷ்டியில் பக்கத்தில் நின்றவர் கைப்பேசியை அவர் மூக்குக்கு முன்னால் நீட்டி, "ஏமி சுவாமி, இதி மீ கோடலிதேனா?" என்று கேட்டிருக்கிறார். உங்கள் மருமகளுடையதுதானா இது என்று கேள்வி. மாமா பார்த்தார். மேலே என் பெயர், நடுவில் நான் செய்த ஜவ்வரிசி உப்புமா, அதற்குக் கீழே ஆவி பறக்க ஒரு பிரியாணிச் சட்டி, பாதி விலை. அரிசியே தொடாத நாளில் கோழி. கோஷ்டி மொத்தமும் எட்டிப் பார்த்ததாம்.

திருப்பதி வெயிலில் வீடுவரை நடந்தே வந்தவர், கால்கூட அலம்பாமல் சமையலறை வாசலில் நின்றார்.

"நீரஜா, அதை மூடிடு."

"எதை மாமா?"

"உன் பிளாக்கை. பெருமாளுக்கு அம்சை பண்ற தளிகைக்குக் கீழே மாமிசம். நாளைக்கு எந்த மூஞ்சியோட நான் கோஷ்டியில நிக்கறது?"

"நான் போடலை மாமா. விளம்பரக் கம்பெனியோட கம்ப்யூட்டர் தானா போடறது."

"யார் போட்டா என்ன? ஆத்து வாசல்ல எது கிடந்தாலும் நாமதானே பெருக்கணும்?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் அது இரண்டு மடங்காக வந்தது. மூட மாட்டேன், ஆனால் சுத்தம் பண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த கரண்டியைக் கொஞ்சம் சத்தமாகவே மேடையில் வைத்தேன்.

அந்த வலைப்பூ எனக்கு என்ன என்று சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி வந்த பிறகும் நான் ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவுக்குப் போய்க்கொண்டிருந்தேன். விடியுமுன் கம்பெனி பஸ், இருட்டிய பின் கம்பெனி பஸ். ஜன்னல் கண்ணாடியில் தலையை முட்டிக்கொண்டு தூங்கியதைத் தவிர அந்த வருஷங்களில் நான் எதையும் ஒழுங்காகச் செய்ததாக ஞாபகமில்லை. ஒரு நாள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, எனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தை எழுத ஆரம்பித்தேன். எனக்கு அளக்கத் தெரியும்.

எங்கள் வீட்டுச் சமையலில், தளிகை என்போம், ருசி பார்ப்பது கிடையாது. தளிகை முழுவதும் முடிந்து, பெருமாளுக்கு முன் வைத்து அம்சை பண்ணிய பிறகுதான், அதாவது நிவேதனம் ஆன பிறகுதான், மனுஷ நாக்கில் படலாம். அதற்கு முன் நீங்கள் ரசம் என்கிற சாத்தமுதை ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கினால்கூட அது எச்சில், பெருமாளுக்கு ஆகாது. உலகத்தில் எல்லாச் சமையல் குறிப்பும் 'ருசி பார்த்து உப்புச் சேர்க்கவும்' என்று முடியும். எங்களுக்கு அந்த வசதி இல்லை. போட்டது போட்டதுதான். ஆகவே முன்கூட்டியே அளந்து, சின்னச் சின்னப் பித்தளைக் கிண்ணங்களில் வரிசையாக வைத்துக்கொண்டுதான் அடுப்பையே பற்றவைப்பேன். என் வலைப்பூவின் பெயரும் அதுவே: 'உப்பு பார்க்காத தளிகை'.

வடிவமைத்துக் கொடுத்தவள் ஹர்ஷினி, சித்தூரில் என்னோடு படித்தவள். முதலில் அவள் கொண்டுவந்தது அரக்கு நிறப் பின்னணி, தங்க எழுத்து, திறந்தவுடன் நாதஸ்வரம், இரண்டு பக்கமும் சுற்றுகிற சங்கும் சக்கரமும். "ஹர்ஷினி, இது கல்யாணப் பத்திரிகையா?" என்று கேட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு நான் கேட்டபடியே செய்தாள். வெள்ளைப் பக்கம், தடித்த எழுத்து, அளவுகள் எல்லாம் மேலே. கை ஈரமாக இருக்கும்போது திரை அணைந்துவிடக் கூடாது என்று அதற்கும் ஒரு வழி பண்ணினாள். குறிப்புக்கு முன்னால் என் பூர்வகதை ஒரு வரிகூட வேண்டாம் என்றேன். எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும்போது என் கதை எவளுக்கு வேண்டும்?

பெயர் பரவியது ஒரு புளியோதரையால். அலிபிரியிலிருந்து நடந்து மலையேறுகிறவர்கள் கட்டிக்கொண்டு போனால் சாயங்காலம்வரை ஊசிப்போகாத புளியோதரை என்று எழுதினேன். தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே வேலை பார்க்கிறவர்களின் வாட்ஸாப் குழுக்களில் ஹர்ஷினி அதைப் போட்டுவிட்டாள். சனிக்கிழமை மலையேறுகிறவர்கள் எல்லாம் செய்ய ஆரம்பித்தார்கள். கூட்டம் வந்தது, கூட்டத்தோடு விளம்பரம் வந்தது, விளம்பரத்தோடு கோழி வந்தது.

சுத்தம் பண்ண உட்கார்ந்தேன். மாமிசம் வேண்டாம் என்று அமைப்பில் தடுத்தேன். முட்டை நூடுல்ஸ் வந்தது. முட்டையைத் தடுத்தேன், பூண்டு ஊறுகாய் வந்தது. அதையும் தடுத்தேன், சாப்பிடாமலே இளைக்க ஒரு மாத்திரை வந்தது, அதுவும் திருக்கண்ணமுதுக்குக் கீழே. பாயசம் பொங்கிக்கொண்டிருக்கிற படத்தின் கீழே ஒரு ஒல்லிப் பெண் தன் இடுப்பை அளந்துகொண்டிருந்தாள். போங்கள் என்று எல்லா விளம்பரத்தையும் மொத்தமாக நிறுத்தினேன். வருமானமும் மொத்தமாக நின்றது.

மாமாவுக்கு நிம்மதி. என் கணவர் ராம்ப்ரசாத்துக்குக் கவலை. பல்கலைக்கழக அலுவலகத்தில் வேலை பார்க்கிற மனிதர், எதையும் மெதுவாகத்தான் சொல்வார். "ஸ்ரீசிட்டில புதுசா ஒரு கம்பெனி, யுகாதிக்கு ஆள் எடுக்கறாளாம்" என்றார்.  அர்த்தம் எனக்குப் புரிந்தது. யுகாதிக்குள் இந்த வலைப்பூ தன் காலில் நிற்காவிட்டால் மறுபடியும் அந்த பஸ், அந்த ஜன்னல் கண்ணாடி.

அப்போதுதான் ஒரு பெரிய மசாலாக் கம்பெனியிலிருந்து தொலைபேசி வந்தது. ஒரு நிமிஷ வீடியோ போதும், நல்ல தொகை. அடுப்பில் கொதிக்கிற புளிக்காய்ச்சலைக் கரண்டியில் எடுத்து, நாக்கில் விட்டு, கண்ணை மூடி 'ஆஹா' என்று சொல்ல வேண்டும்.

"அம்சை பண்ணினப்பறம் சாப்பிட்டுச் சொல்றேனே" என்றேன்.

"அப்போ ஆவி இருக்காது மேடம். ஆவி முக்கியம். யாருக்குத் தெரியப்போகுது?"

"என் பிளாக் பேரைப் படிச்சீங்களா?"

"படிச்சோம். உப்பு கம்மியா சேர்க்கிற டயட் சமையல்தானே?"

நான் போனை வைத்த வேகத்தில் ராம்ப்ரசாத் திடுக்கிட்டுத் திரும்பினார். விஷயத்தைச் சொன்னேன். "உதட்டுக்கிட்ட கொண்டு போற மாதிரி காமிச்சா போறாதா?" என்று கேட்டார். நான் பார்த்த பார்வையில் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். பேரிலேயே பொய்யை வைத்துக்கொண்டு எழுத என்னால் முடியாது. வந்த கோபத்தை அப்படியே எழுதி வலைப்பூவில் ஏற்றினேன். ருசி பார்க்காமல் சமைப்பது எப்படி, ஏன், கரண்டியை நக்கச் சொன்னவர்களுக்கு என்ன பதில் சொன்னேன், எல்லாம். என் குறிப்புகளில் அதுவரை எதையும் அந்த அளவுக்கு யாரும் படித்ததில்லை. 'நானும் பார்க்காமல் போட்டேன், சரியாக இருந்தது' என்று எங்கெங்கிருந்தோ எழுதினார்கள். எழுதினவர்களில் பாதிப் பேர் எங்கள் சம்பிரதாயமே இல்லை.

அடுத்த வாரம் சித்தூர்ப் பக்கத்துக் குடிபாலாவிலிருந்து ஒருவர் பேசினார்.

"அம்மா, என் பேரு ஜெகநாதன். எண்ண செக்கு வச்சிக்கினு கீறேன். ஜனங்க போன எடுத்துக்கினு வந்து, இந்தம்மா புளியோதரைக்கு எய்திக்கிற நல்லெண்ண குடுன்னு கேக்கறாங்க. யார்ரா அந்தம்மான்னு தேடிக்கினு வந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சொல்லுங்கண்ணா" என்றேன்.

"ருசி பாக்காத எப்டிம்மா அளவு நிக்கும்? என் வூட்டுக்காரம்மா நம்பவே மாட்டேன்றா. நேரா செஞ்சி காட்டுங்க, லைவ்ல. கரீட்டா வந்திச்சின்னா வருசம் முச்சூடும் என் விளம்பரம் உங்க பக்கத்துல. சித்தூர்ல பருப்பு விக்கிறவங்க, புளி விக்கிறவங்க எல்லாரையும் இட்டுக்கினு வரேன்."

"சரியா வரலைன்னா?"

"வரலன்னா சிரிப்பாங்கம்மா. நானுந்தான் சிரிப்பேன்."

அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. சரி என்றேன். மாமாவிடம் போய் நின்றேன். "பெருமாள் அறைக்குள்ள கேமரா வரப்படாது. அம்சை பண்ணித் தர வேண்டியது என் கடமை, பண்ணித் தரேன். மத்த கூத்துக்கெல்லாம் என்னைக் கூப்பிடாதே" என்றார். எனக்கு அதுவே அதிகம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹர்ஷினி கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வலைப்பூவின் முதல் பக்கத்தில் நேரலை ஓடியது. கிண்ணங்களை வரிசையாகக் காட்டினேன். நல்லெண்ணெய் காய்ந்தது, கடுகு வெடித்தது, கடலைப்பருப்பு சிவந்தது, மிளகாய், பெருங்காயம், கரைத்த புளி, மஞ்சள்பொடி, வெல்லம். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. அப்போது ஹர்ஷினி வாயைத் திறக்காமல் திரையைத் திருப்பிக் காட்டினாள். பார்க்கிறவர்கள் எண்ணிக்கை ஆயிரங்களில் ஏறிக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன். பார்த்து மகிழ்ந்தேன். பெருமையாகக்கூட ஒரு சிரிப்பு சிரித்தேன். திரும்பிச் சட்டியைப் பார்த்தபோது தலைக்குள் எதுவும் இல்லை.

உப்பு போட்டேனா?

காலியான கிண்ணத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். கிண்ணங்கள் இருந்த இடத்தில் மேடை பளபளவென்று துடைத்திருந்தது. ராம்ப்ரசாத், பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று, அத்தனை கிண்ணத்தையும் எடுத்துத் தொட்டியில் போட்டு அலம்பிக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு டம்ளர் தேய்க்காத மனிதர் அன்றைக்குத்தானா தேய்க்க வேண்டும்! பின்னால் ஓட்டிப் பார்க்கலாம் என்றால் ஹர்ஷினி நேரலை நின்றுவிடும் என்று தலையை ஆட்டினாள். புளிக்காய்ச்சல் கொதித்தது. ஒரு சொட்டு நாக்கில் விட்டால் போதும், ஒரே சொட்டு. கரண்டியைக் கீழே வைத்தேன்.

கேமராவைப் பார்த்தேன். "உண்மையைச் சொல்றேன். உப்பு போட்டேனா இல்லையான்னு எனக்கு ஞாபகம் இல்லை. ருசி பார்க்கவும் மாட்டேன். பார்த்துண்டு இருந்தவா சொல்லுங்கோ."

திரை பொங்கியது. 'போட்டீங்க.' 'போடலை, அது வெல்லம்.' 'போட்டாச்சு அக்கா.' 'நாங்க பார்க்கறப்போ போடலையே.' குடிபாலாவிலிருந்து: 'போட்ட மாரி இருந்திச்சிம்மா, அந்த நேரம் பாத்து ஒரு கஸ்டமர் வந்துட்டாரு.' ஆளுக்கொன்று சொன்னார்கள். என் வலைப்பூ, என் பெயர், என் யுகாதி எல்லாம் அந்தச் சட்டிக்குள் சுண்டிக்கொண்டிருந்தது.

பெருமாள் அறையிலிருந்து குரல் வந்தது.

"போட்டுட்டே. மஞ்சப்பொடிக்கு அப்பறம், வெல்லத்துக்கு முன்னாடி. மறுபடி போட்டுத் தொலைக்காதே."

எட்டிப் பார்த்தேன். மாமா மடி வேஷ்டியோடு உட்கார்ந்திருந்தார். பூஜைக்கு மடியாக இருக்கிறவர் கைப்பேசியைத் தொடக் கூடாதே. முன்கூட்டியே அதை வாசற்படிக்கு வெளியே சுவரில் சாய்த்து வைத்து, கழுத்தை நீட்டி எங்கள் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதிலிருந்து பார்க்கிறார் என்று பிறகு கேட்டேன். முதல் குறிப்பிலிருந்து என்றார்.

நான் உப்பு போடவில்லை. ஆயிரக்கணக்கான பேர் முன்னால் அவர் கண்ணை நம்பினேன். சாதத்தில் கலந்து, பாத்திரத்தை உள்ளே கொடுத்தேன். பெருமாள் அறைத் திரைச்சீலை விழுந்தது. மணியோசை கேட்டது. வெளியே ஹர்ஷினி மூடிய திரைச்சீலையைக் காட்டிக்கொண்டு நின்றாள். காத்திருந்த அத்தனை பேரில் ஒருவரும் விலகவில்லை.

பாத்திரம் திரும்பி வந்தது. இலையில் ஒரு பிடி வைத்து, வாயில் போட்டேன்.

உப்பு இருந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. 'ஆஹா' எல்லாம் எனக்கு வரவில்லை. "சரியா இருக்கு" என்றேன், சொல்லும்போதே அழுதுவிட்டேன். ராம்ப்ரசாத் ஈரக் கையோடு ஒரு கவளம் எடுத்துப் போட்டுக்கொண்டு, வாய் நிறைய வைத்துக்கொண்டே தலையை ஆட்டினார். 'எய்திக்கம்மா, வருசம் முச்சூடும்' என்று குடிபாலாவிலிருந்து செய்தி வந்து விழுந்தது.

யுகாதிக்கு முன்பே ஜெகநாதன் அண்ணாவின் செக்கும், சித்தூர்ப் புளிக்கடையும், ஒரு பருப்பு மண்டியும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டன. ஆடாத, அசையாத, ஒவ்வொரு குறிப்புக்கும் கீழே ஒரே ஒரு படம். ஏகாதசிப் பக்கத்துக்குக் கீழே மட்டும் எதுவும் இல்லை. ஸ்ரீசிட்டி பஸ் இப்போதும் விடியுமுன் எங்கள் தெருமுனையில் ஹாரன் அடிக்கிறது. நான் புரண்டு படுத்துக்கொள்கிறேன்.

போன ஏகாதசிக்கு நான் கோயிலுக்குப் போயிருந்தேன். பாராயணம் முடிந்து கோஷ்டி கலைந்துகொண்டிருந்தது. மாமா, யாரும் கேட்காமலே, அன்றைக்கு ஏறிய குறிப்பைத் தன் கைப்பேசியில் திறந்து பக்கத்திலிருந்தவரின் மூக்குக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருந்தார்.

"ஏமி சுவாமி, இதி மீ கோடலிதேனா?"

"அவுனு சுவாமி" என்று ஒப்புக்கொண்டார் மாமா, கோஷ்டி முழுவதும் கேட்கும்படி. "மா கோடலிதே!"