பின்சக்கரத்துக்கு நாற்பது

1

இந்தக் கதை ரப்பர் வாசனையில் பிறந்தது. நான் எழுதும் மேஜைக்கும் புத்தக அலமாரிக்கும் நடுவில் இரண்டு டயர்கள் நிற்கின்றன. முன்பு அந்த இடத்தில் ஒரு சாய்வு நாற்காலி இருந்தது. இது மெத்தென்ற ரப்பர், வெளியே வைத்தால் குளிரில் விறைத்துப்போகும் என்று சொல்லி என் மனைவி டயர்களை உள்ளே கொண்டுவந்து, நாற்காலியை வெளியே அனுப்பிவிட்டாள். எழுத வராத நேரமெல்லாம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. காருக்கு நாலு டயர் ஆயிற்றே, மற்ற இரண்டும் எங்கே?

[சந்தேகம் என்றது பொய். அவை மாடியில் என் தம்பி வீட்டில் இருக்கின்றன என்று எனக்கு நன்றாகவே தெரியும். கதை ஒரு கேள்வியோடு தொடங்கினால் நன்றாக இருக்குமே என்று பார்த்தேன்.]

எழுதப்போகிறேன் என்றதும் மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "என் பேரைப் போடாதீங்க. ஆஸ்பத்திரியில படிச்சிட்டு ஓட்டுவாங்க." ஆகவே இனி அவள் மூத்தவள். மாடியில் இருப்பவள், என் தம்பியின் மனைவி, இளையவள். இருவரும் ஓரகத்திகள்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

'மைதானத்தில் எஞ்சின்கள் உறுமிக்கொண்டிருந்த அந்த' என்று போய் அங்கேயே நின்றுவிட்டது. மூத்தவளின் கார் உறுமாது. சின்ன ஹேட்ச்பேக். வார நாட்களில் ஆஸ்பத்திரிக்குப் போய்வரும், சனிக்கிழமை காய்கறிப் பைகளைச் சுமக்கும்.

'அழுத்தம் என்பது மனித வாழ்வில்' என்ற இரண்டாவதை அவளே பேனாவால் அடித்தாள். "டயர்ல காத்து எவ்வளவுன்னு எழுதுங்க. வாழ்வை அப்புறம் பாத்துக்கலாம்."

மூன்றாவது மட்டும் தப்பிப் பிழைத்தது.

மூத்தவள் எக்ஸ்ரே எடுப்பவள். "மூச்சை இழுத்துப் பிடிங்க... அப்படியே இருங்க... விடலாம்" என்று நாள் முழுக்க அடுத்தவர்களுக்குச் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் தனக்கே சொல்லிக்கொள்வாள். காலியாகக் கிடக்கும் பெரிய வண்டி நிறுத்துமிடம் ஒன்றில் ஆரஞ்சு நிறக் கூம்புகளை வைத்து, வளைந்து நெளிந்து ஒரு பாதை போடுவார்கள். ஒவ்வொருவராக அதில் ஓட்ட வேண்டும். போட்டி கடிகாரத்தோடு. ஒரு கூம்பு சாய்ந்தால் இரண்டு விநாடி கூடும். ஆட்டோகிராஸ் என்பது அவ்வளவுதான். ஒரு ஓட்டம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், அந்த நேரம் முழுக்க மூத்தவள் மூச்சு விடமாட்டாள்.

இளையவள் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து நாள் முழுக்க அடுத்தவர்களுக்காகப் பிரேக் மிதிப்பதுதான் பிழைப்பு. ஞாயிறன்று அந்தப் பிரேக்கையே சுத்தமாக மறந்துவிடுவாள்.

இந்த இருவரும் ஒரே காரை ஓட்டினார்கள். ஒருத்தி ஓட்டிவிட்டு இறங்குவாள், மற்றவள் ஏறுவாள். ஓரகத்திகள் ஒரே ஸ்டியரிங்கைப் பிடிப்பது எங்கள் குடும்பத்தில் பெரிய பெருமை. விருந்தாளி யார் வந்தாலும் காபி கொடுப்பதற்கு முன் அதைத்தான் சொல்வேன்.

போட்டிக்கென்று டயர் வாங்கப் போனபோது கடைக்காரர் இரண்டு வகை காட்டினார். ஒன்று, கிளம்பியதுமே தரையைப் பிடிக்கும், ஆனால் சூடேறினால் வழுக்க ஆரம்பிக்கும். இன்னொன்று கொஞ்சம் சோம்பேறி. சூடானால்தான் கண் விழிக்கும். விழித்துவிட்டால் தரையை விடாது.

"வண்டிய எத்தனை பேர் ஓட்டுவீங்க?"

"ரெண்டு பேர்," என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"அப்போ ரெண்டாவதை எடுத்துக்குங்க. ஒருத்தர் எறங்கி ஒருத்தர் ஏறினா டயர் ஆறாது. தனியா ஓட்டுறவங்களுக்கு இது சரிப்படாது."

ஆளுக்கு இரண்டாக நாலு டயர் வாங்கினார்கள்.

[இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் ஓட்டினால்தான் வேலை செய்யும் டயர். இதை நானே கற்பனை செய்திருந்தால் கூச்சப்பட்டு அடித்திருப்பேன். நிஜமாகவே அப்படி டயர் இருக்கும்போது நான் என்ன செய்ய முடியும்?]

3

முன் டயரைப் பற்றித் தகராறு கிடையாது. வண்டியின் பாரமெல்லாம் முன்னால். மூத்தவள் டயரின் தோளில், மேல்பட்டையும் பக்கவாட்டும் சேரும் இடத்தில், சாக்பீஸால் கோடு இழுத்துவிட்டு ஓட்டுவாள். திரும்பி வந்து குனிந்து பார்ப்பாள். விளிம்பில் இருக்கும் சின்ன முக்கோணக் குறியைத் தாண்டிக் கோடு அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது என்று அர்த்தம், காற்று ஏற்ற வேண்டும். குறிக்கு எட்டாமலே நின்றிருந்தால் கொஞ்சம் இறக்க வேண்டும். இப்படி இழுத்து, அழித்து, மறுபடி இழுத்து அவள் கண்டுபிடித்த எண் முப்பத்தெட்டு. நானும் எழுதி எழுதி அழிப்பவன்தான். ஆனால் அவள் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறாள்.

தகராறு எல்லாம் பின்னால்தான். பின் டயரில் காற்றைக் கூட்டினால் பிடி குறையும், வளைவில் வால் வீசும். இளையவளுக்கு வீச வேண்டும், நாற்பத்திரண்டு வைப்பாள். மூத்தவளுக்கு வால் நல்ல பிள்ளையாகப் பின்னாலேயே வர வேண்டும், முப்பத்தாறு. எனவே ஒவ்வொரு முறை ஆள் மாறும்போதும், ஓட்டி இறங்குகிறவள் அடுத்தவளுக்காகக் காற்றை ஏற்றியோ இறக்கியோ வைக்க வேண்டும்.

ஒரு ஞாயிறன்று இளையவள் இறக்கவில்லை.

மூத்தவள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு போனாள். கடைசி வளைவில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வால் சுற்றிக்கொண்டு முன்னால் வந்துவிட்டது. கூம்புகள் பறந்தன. கார் வந்த வழியையே பார்த்தபடி நின்றது, எஞ்சினும் அணைந்தது. ஊரே வேடிக்கை பார்க்க, எதிரே ஈ காக்கை இல்லாத அந்த மைதானத்தில், மூத்தவள் வண்டியை மறுபடி கிளப்பி, இடப்பக்கம் இன்டிகேட்டர் போட்டு, ஒழுங்காகத் திரும்பி வெளியே வந்தாள்.

அவர்களோடு அதே பிரிவில் சிவப்பு ஹேட்ச்பேக் ஓட்டும் ஒரு பல்வைத்தியர் உண்டு. எல்லாப் போட்டியிலும் முதலாவதாக வருபவர், வாய்க்கு மட்டும் பிரேக் கிடையாது. "வீட்டுக்காரரை ஓட்டச் சொல்லலாமே மேடம்? வண்டியாவது பிழைக்கும்," என்றார்.

அந்த நேரம் பார்த்து யாரோ சிரித்தார்கள். மூத்தவள் திரும்பினாள். காற்றடிக்கும் பம்ப் பக்கத்தில் இளையவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"பின்னாடி காத்தை எறக்கலையா நீ?"

"அக்கா, அது..."

"என் வண்டியில கை வச்சா சொல்லிட்டு வைக்கணும்."

"உங்க வண்டியாக்கா?"

"ஆமா. என் வண்டி."

"சரி. அப்போ பின்னாடி ரெண்டு டயரும் என்னுது."

அன்று மாலையே பாகப்பிரிவினை முடிந்தது. நிலத்தைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன், பாத்திரத்தைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். டயரைப் பிரித்துக்கொண்ட முதல் குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். இரண்டு டயரை வைத்துக்கொண்டு யாரும் எங்கேயும் போக முடியாது என்று இருவருக்கும் தெரியும்.

4

இளையவள் என் கைக்கு அடங்காத பாத்திரம். மறந்தாளா, வேண்டுமென்றே விட்டாளா? ஒரு பிரதியில் அவளை வில்லியாக்கிப் பார்த்தேன். 'கள்ளச் சிரிப்போடு அவள் வால்வைத் தொட்டும் தொடாமலும்'

எழுத வரவில்லை. தன்னிடம் புதிதாகக் கற்றுக்கொள்ள வரும் பெண்களுக்கு அவள் முதல் வகுப்பில் போனில் ஒரு வீடியோ காட்டுவாள். "எங்க அக்கா எப்படி ஓட்டறாங்க பாருங்க. கை பதறுதா?" அது மூத்தவளின் வீடியோ. சண்டைக்குப் பிறகும் அதைக் காட்டுகிறாளா என்று தம்பியைக் கேட்டேன். "என்னை இதுல இழுக்காதே," என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

அடுத்த சந்தேகம், மூத்தவளின் கணவன். கதையில் அவனால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஞாயிறன்று வளைவோரம் நின்று, சாய்ந்த கூம்பை நிமிர்த்தி வைக்கிறான். வெட்டிவிடலாமா என்று மூத்தவளிடம் கேட்டேன்.

"இருக்கட்டும் விடுங்க. அப்புறம் கூம்பை யாரு எடுத்து வைக்கிறது?"

ஆகவே இருக்கிறேன்.

5

சண்டைக்கு அடுத்த போட்டிக்கு மூத்தவள் தனியாகவே போனாள், தினசரி ஓட்டும் டயரோடு. சாக்பீஸ் கோடு முக்கோணத்தைத் தாண்டிப் பக்கவாட்டு எழுத்துவரை அழிந்துபோயிருந்தது. பல்வைத்தியர் வெகுதூரம் முன்னால். "அடுத்த தடவை பாத்துக்கலாம் மேடம்," என்று ஆறுதல் வேறு சொன்னார்.

இந்தப் பருவத்தில் இன்னும் ஒரே ஒரு போட்டிதான் பாக்கி. அதில் அந்த ஆளை முந்த வேண்டும். கோப்பை, கைதட்டல் எதுவும் வேண்டாம், அவர் வாயை அடைத்தால் போதும். கடைக்குப் போய் இன்னும் இரண்டு டயர் வாங்கிவந்து ஜோடி சேர்த்துவிடலாம். ஆனால் தனியாள் ஓட்டினால், ஒரு ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் நடுவில் அந்த டயர் ஆறிப்போய் மறுபடி தூங்கிவிடும். அவளுக்குக் குறைவது டயர் அல்ல, ஆள். அந்த ஆளோ தலைக்கு மேலே நடமாடிக்கொண்டிருக்கிறது. மாடியில் நாற்காலி நகரும்போதெல்லாம் மூத்தவள் நிமிர்ந்து பார்ப்பாள். படியேறிப் போய்க் கேட்பதைவிட, அந்தப் பல்வைத்தியரிடமே போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்வாள்.

நீங்கள் இதை வீம்பு என்பீர்கள். நான் பெருமை என்றுதான் எழுதுவேன். அவள் படிப்பாளே.

6

முடிவுகள் சில கைவசம் உண்டு.

விடிந்து கதவைத் திறந்தால் வாசலில் இரண்டு டயர்கள் நிற்கின்றன. (இது உங்களுக்கே தோன்றியிருக்கும். தவிர, இளையவளுக்கு மட்டும் ரோஷம் கிடையாதா?)

பல்வைத்தியரின் கார் கடைசி நாளில் கிளம்ப மறுக்கிறது. (அழுகுணி ஆட்டம்.)

தினசரி டயரை வைத்துக்கொண்டே மூத்தவள் மன உறுதியால் (மூத்தவள் அடித்தது: "மன உறுதி தரையைப் பிடிக்காதுங்க.")

நடந்தது வேறு. போட்டிக்கு முந்தின நாள் மாலை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது அவள் வந்து என் மேஜையோரம் இருந்த டயர் ஒன்றைத் தூக்கினாள். என்னைத் தொடவிடவில்லை, இடுப்பு பிடித்துக்கொள்ளுமாம். அதை மாடியில் வைத்துவிட்டு இறங்கிவந்து இரண்டாவதையும் தூக்கிக்கொண்டு ஏறினாள். நான் படிக்கட்டுத் திருப்பத்தில் நின்றுகொண்டேன். இளையவள் கதவைத் திறந்தாள்.

"என்னக்கா இது?"

"வச்சுக்கோ. நாலும் உன்கிட்டயே இருக்கட்டும். உன் ஸ்கூல் வண்டியில மாட்டி நாளைக்கு நீயே ஓட்டு. அந்த ஆளை நீயாவது ஜெயிச்சுக் காட்டு."

இளையவள் டயரைப் பார்த்தாள், மூத்தவளைப் பார்த்தாள். "ஸ்கூல் வண்டிக்கு அஞ்சு போல்ட். இந்த ரிம்முல நாலு ஓட்டை. மாட்ட முடியாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

மூத்தவளுக்கு மூச்சு வாங்கியது.

"அன்னிக்கு நீ சிரிச்சே."

"சிரிச்சேன்."

"அந்த ஆளு சொன்னதுக்குத்தானே?"

"அவர் என்ன சொன்னார்னு எனக்குக் காதுலயே விழல. நீங்க இன்டிகேட்டர் போட்டீங்கக்கா! சுத்தி, கூம்பெல்லாம் பறந்து, எஞ்சின் நின்னு, அத்தனைக்கும் அப்புறம் இன்டிகேட்டர்! நான் தொண்டை கிழியக் கத்தியும் என்கிட்ட படிக்கிற ஒருத்தருக்கும் அது வரல." மறுபடி சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "காத்தை எறக்க மறந்தது என் தப்புதான். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதுக்குள்ள என் வண்டின்னுட்டீங்க."

மூத்தவள் தான் தூக்கி வந்த டயரின் மேல் உட்கார்ந்தாள்.

"பின்னாடி எவ்வளவு வைக்கலாம்?"

"நாப்பத்திரெண்டு."

"முப்பத்தெட்டு."

"நாப்பது. அதுக்குக் கீழ வர மாட்டேன்."

"சரி, நாப்பது. ரெண்டு பேருக்கும் நாப்பது. நடுவுல யாரும் தொடக் கூடாது."

[மன்னிப்பு என்ற சொல்லை இந்தக் கதையில் தேடாதீர்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் நாற்பது.]

7

காலையில் நல்ல குளிர். நாலு டயரும் மாட்டியாயிற்று, சாக்பீஸ் கோடு போட்டாயிற்று. அப்போதுதான் அடுத்த தகராறு. முதலில் போகிறவளுக்கு ஆறிக் கிடக்கும் டயர். இரண்டாவது போகிறவளுக்கு விழித்துக்கொண்ட டயர்.

"நான் முதல்ல போறேன். நீ சூடான டயர்ல போ."

"நான் போறேன்கா. நீங்க அப்புறம் ஏறுங்க."

"ஆறின டயர்லயே அந்த ஆளை நான் முந்துவேன்டி."

"நான் மட்டும் மாட்டேனா?"

ஒரே கதவுப் பிடியில் இரண்டு கைகள். இது பாசமா, ஜம்பமா என்று கேட்டால், கூம்போடு நின்றிருந்த எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. கொடி அசைப்பவர் பொறுமையிழந்து கத்தினார். ஒருத்தி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறினாள்.

யார் என்று எனக்குத் தெரியும். எழுதத்தான் அனுமதியில்லை. இந்தக் கதையை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து படித்துவிட்டு, சேர்ந்தே தடை போட்டார்கள். எழுதினால் யார் விட்டுக்கொடுத்தது என்று தெரிந்துவிடுமாம். எழுத அனுமதி கிடைத்தது இவ்வளவுதான்: மாலையில் ஒட்டிய முடிவுகளில் பல்வைத்தியரின் பெயர் மூன்றாவது வரியில் இருந்தது. அவருக்கு மேலே இருந்த இரண்டு பேருக்கும் ஒரே வீட்டு முகவரி. அவர் தாளை நிதானமாகப் படித்துவிட்டு வந்து கேட்டார், "இது என்ன டயர் மேடம்?"

"ரெண்டு பேர் ஓட்டுற டயர்," என்றார்கள் இருவரும் ஒரே குரலில். என் வாழ்நாளில் நான் எழுதிய எந்த வரிக்கும் எனக்கு இவ்வளவு கர்வம் வந்ததில்லை. இத்தனைக்கும் இது நான் எழுதிய வரி இல்லை.

மற்றபடி, காலையில் நடந்த அந்த முதல் ஓட்டத்தை உங்களிடம் விட்டுவிடுகிறேன். கடைசி வளைவோரம் என் பக்கத்தில் வந்து நில்லுங்கள். கார் வருகிறது. வால் கொஞ்சமாக வீசுகிறது, வேண்டிய அளவு மட்டும். ஒரு கூம்பும் அசையவில்லை, எனக்கு வேலையே இல்லை. கோட்டைத் தாண்டிய நேரத்தை ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள், பல்வைத்தியர் திரும்பிப் பார்க்கிறார். வண்டி வேகம் குறைந்து, ஆளில்லாத அந்தப் பரந்த தரையில் திரும்ப வருகிறது. இடப்பக்க இன்டிகேட்டர் மின்னுகிறது.

ஒருத்திக்கு அது பழக்கம். இன்னொருத்தி அன்று அதைக் கண்டிப்பாகப் போட்டிருப்பாள், அக்காவைச் சீண்ட. கண்ணாடியில் வெயில் அடிக்கிறது, உள்ளே ஹெல்மெட் மட்டும் தெரிகிறது.

கதவு திறக்கிறது. இறங்குவது யார் என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பின்சக்கரத்துக் காற்றை மட்டும் தொடாதீர்கள்.