வாசலில் ஒரு நிபந்தனை

மேனேஜர் கார் வருவதற்குள் புரோகிராமில் மூன்றாவது செயலை அழித்துவிடச் சொன்னார் தோட்டத்து ஆபீஸ் கணக்கர் கணேசமூர்த்தி கிராணி. நீலாவதி கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

தோட்டத்தை விற்றாகிவிட்டது. ரப்பர் மரங்கள் போய் வீடமைப்புத் தாமான் வரப்போகிறது. தொழிலாளர் குடியிருந்த லயத்தைக் காலி செய்கிறவர்களில் யாருக்கு வீடு என்று பிரிக்கத்தான் கம்பெனி அவளைச் சிரம்பானிலிருந்து அனுப்பியிருந்தது. தோட்டத்துப் பிள்ளை, விவரம் தெரிந்தவள் என்று. சிரம்பானில், தெமியாங் வாடகை அறையில் உட்கார்ந்து பெருமையாகத்தான் அந்தப் புரோகிராமை எழுதினாள். எல்லா வகை ஆட்களுக்கும் ஒரே வார்ப்பு. ஆனால் வாசலில் ஒரு நிபந்தனை, வீட்டுரிமை உள்ள வகையை மட்டுமே ஏற்கும். உள்ளே ‘வீடுகொடு’ என்ற ஒரே பெயரில் இரண்டு செயல்கள். கிராணிமாருக்கு ஒன்று, நிரந்தரத் தொழிலாளிக்கு ஒன்று. வந்திருப்பது எந்த வகை என்று பார்த்துக் கம்ப்யூட்டரே பொருத்தமானதை எடுத்துக்கொள்ளும். கான்ட்ரெக்ட் ஆளைக் கொடுத்தால் புரோகிராம் ஓடவே மறுத்துவிடும். கம்ப்யூட்டருக்கு ஈவிரக்கம் இல்லை என்பார்கள். அதற்கு அதைச் சொல்லிக்கொடுத்தவள் இவள்தான்.

அவள் அம்மாவின் பெயர் பஞ்சாலை. அவளும் கான்ட்ரெக்ட் ஆள்தான். முதுகுவலியில் நிரந்தர வேலையிலிருந்து நின்று திரும்பி வந்தவளைக் கான்ட்ரெக்டர் கணக்கில் தள்ளினார்கள். கைரேகை வாங்கியவர் இதே கணேசமூர்த்தி. அதே மரம், அதே கத்தி, அதே வாளி. ஆள் மட்டும் வேறு வகையாகிவிட்டாள். இன்று காலை நீலாவதி நிபந்தனையைத் தளர்த்தி, அதே பெயரில் மூன்றாவது செயலை எழுதினாள், கான்ட்ரெக்ட் ஆட்களுக்காக. ஓட்டிப் பார்த்தாள். பிழையில்லாமல் ஓடியது.

“மேனேஜர் பாத்தா ஒனக்கும் வேலை போயிடும், எனக்கும் போயிடும்லா.”

“அம்மா எங்க போவாங்க, கிராணி ஐயா?”

சன்னல் வழியே ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகை தெரிந்தது. பஞ்சாலை வாளியோடு வரிசையில் நின்றாள். ஆபீஸ் பக்கம் திரும்பவில்லை.

செம்மண் பாதையில் கார் சத்தம் கேட்டது. நீலாவதி வீட்டுப் பட்டியலுக்குப் பிரிண்ட் கொடுத்தாள். பிரிண்டர் கிறீச்சிட்டுக்கொண்டு பெயர்களை ஒவ்வொன்றாகத் துப்பியது.

கணேசமூர்த்தி எழுந்தார். மானிட்டரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மூலையிலிருந்த குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். மழை இல்லை. காரின் கதவருகே குனிந்து மேனேஜரிடம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். காட்டிக்கொடுக்கிறாரா, நேரம் கடத்துகிறாரா, எதுவும் காதில் விழவில்லை. காரின் கதவு திறந்தது. காகிதத்தில் அப்போதுதான் அவள் அம்மாவின் பெயர் பாதி ஏறியிருந்தது.