எட்டாவது அடி

திரையில் மழை பெய்தது. மழைக்குள் ஓர் அரிவாள் உயர்ந்தது. அதன் விளிம்பில் சிவந்த வெளிச்சம் ஒரு கணம் நின்றது.

அப்போது என் தாளம் வந்தது. ஏழு அடி. ஆயிரம் பேர் இருக்கையை விட்டு எழுந்தார்கள். விசில் பறந்தது. கிழித்த காகிதம் பறந்தது.

பக்கத்தில் என் அம்மா எழவில்லை. இரண்டு கைகளையும் தலைமேல் கோத்து, முகத்தை முழங்காலில் புதைத்து, நாற்காலிக்குள் சுருண்டு கிடந்தாள்.

நான் இசையமைத்த முதல் படம் வெளியான நாள் அது. காலைக் காட்சி. அம்மாவைப் பாளையங்கோட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்கு அழைத்து வந்திருந்தேன். தங்கபுஷ்பம் என்று பெயர் அவளுக்கு. அறுபது வயது.

இடைவேளைக்குக் காத்திருக்காமல் வெளியே கூட்டி வந்தேன். காருக்குள் உட்கார்ந்தோம். வெயில் கண்ணாடியில் எரிந்தது.

"அது அவிய கைல்லா மக்கா?" என்றாள்.

"ஆமாம்மா" என்றேன்.

*

அவிய என்றால் என் அப்பா. ஞானசிகாமணி. கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாசிக்கும் பாண்டு குழுவில் ட்ரம் அடிப்பவர். ஊரில் அவர் கைக்கு நிகர் கிடையாது. சவ ஊர்வலத்தில் அவர் அடித்தால் தூக்கிப் போகிறவர்களின் கால்கள் தானாக ஒன்றுசேரும்.

அதே கையால் அம்மாவை அடித்தார். சிவப்புச் சீருடையின் பெல்ட்டால் அடித்தார். குழம்பில் உப்பு கூடினால் அடித்தார். குறைந்தாலும் அடித்தார். ஒன்றும் இல்லாத நாளிலும் அடித்தார்.

என்னைச் சுவரோரம் நிறுத்துவார். "சத்தமா எண்ணுலே. தப்புனா மொதல்லேர்ந்து."

நான் எண்ணினேன். தப்பாமல் எண்ணினேன். தப்பினால் அம்மாவுக்கு மறுபடியும் ஒன்றிலிருந்து விழும். ஐந்து வயதில் எனக்குத் தாளம் வந்தது இப்படித்தான்.

எத்தனை கோபத்திலும் அவர் வேகம் மாறாது. மூன்று. சின்ன இடைவெளி. இரண்டு. சின்ன இடைவெளி. இரண்டு. ஏழு முடிந்ததும் என்னைப் பார்த்து, "வெளிய போலே" என்பார்.

வெளியே போவேன். வேப்பம்பூ உதிர்ந்து கிடக்கும். முடிந்துவிட்டது என்று நினைத்து அதன்மேல் நிற்பேன்.

*

"நீ ஏழுன்னு நெனைச்சிருக்க" என்றாள் அம்மா, காருக்குள். "எட்டு மக்கா. நீ வெளிய போனப்பொறவு ஒண்ணு உண்டு."

கொண்டையை அவிழ்த்தாள். நரைத்த முடியை உச்சியில் இரண்டாகப் பிரித்துக் காட்டினாள். விரல் நீளத்துக்கு முடி முளைக்காத ஒரு கோடு. பெல்ட்டின் பித்தளை பக்கிள் விழுந்த இடம்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"நீ பூவுல நின்னு வெளையாடிக்கிட்டு இருப்ப. அதையும் ஏன் கெடுக்கணும்?"

நகரத்தின் அத்தனை ஹாரன்களும் ஒன்றாக அடித்தன அப்போது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

*

அந்தத் தாளம் எங்கிருந்து வந்தது என்று பேட்டிகளில் கேட்டார்கள். தானாக வந்தது என்று சொன்னேன். பொய்.

பின்னணி இசைக்கான ரீ-ரெக்கார்டிங்கில் மூன்று நாள் எதுவும் வரவில்லை. "அரிவாள் ஏறும்போது ஜனம் சீட்டை விட்டு எழுந்துடணும் சார்" என்று இயக்குநர் தலைமேல் நின்றார். நான்காம் நாள் என் விரல்கள் மேசையில் தட்டின. மூன்றாவது தட்டிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

தெரிந்தும் நிறுத்தவில்லை. பன்னிரண்டு ட்ரம் வைத்தேன். அடியில் வயிற்றை இடிக்கும் பேஸ். மேலே ஆண்களின் கோரஸ். என் அம்மாவின் முதுகை எடுத்து ஊர் முழுவதும் ஒலிபெருக்கியில் கட்டினேன்.

மிச்ரம், ஏழின் கணக்கு என்று மெச்சினார்கள். புதுமை என்றார்கள். காரில் அம்மா சொன்ன பிறகாவது நிறுத்தினேனா? அதுவும் இல்லை.

இன்னும் ஒன்பது படம். ஒன்பது கதாநாயகர்கள். கத்தி, கடப்பாரை, சங்கிலி, துப்பாக்கி. ஒவ்வொருவர் கை உயரும்போதும் அதே ஏழு, வேறு வேறு உடுப்பில். அம்மா அதன்பின் என் படம் எதையும் பார்க்கவில்லை. ஊரில், அதே வீட்டில், அப்பாவோடுதான் இருந்தாள். சென்னைக்கு வா என்று கூப்பிட்டேன். எப்படிக் கூப்பிட்டேன்? ஒரு முறை. போனில். ரெக்கார்டிங் இடைவேளையில்.

*

பத்தாவது படம் ஓடியபோது ஊர்க்காரர்கள் பாராட்டு விழா வைத்தார்கள். பெரிய மைதானம். நாலு மணி வெயில். மேற்கே மேகம் கறுத்துக் கிடந்தது.

முன்வரிசையில் அம்மாவைப் பட்டுச்சேலையில் உட்கார வைத்திருந்தார்கள். அவள் மடியில் யாரோ ஒரு பூச்செண்டைத் திணித்திருந்தார்கள்.

மேடையில் ஒரு ட்ரம். யார் அடிக்கப் போகிறார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அப்பா படியேறி வந்தார். எழுபது வயது. பழைய சிவப்புச் சீருடை. இடுப்பில் அந்த பெல்ட்.

மைக்கில் பேசினார். "தாளம் நம்ம தாளமாக்கும். பயலுக்கு எண்ணச் சொல்லிக்குடுத்தது நான்." மைதானம் கைதட்டியது. அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் குற்றத்தின் நிழல்கூட இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

குச்சிகளை எடுத்தார். கூட்டத்தைப் பார்த்து, "எல்லாரும் எண்ணுங்க" என்றார்.

ஒண்ணு. ரெண்டு. மூணு.

பத்தாயிரம் தொண்டைகள். பத்தாயிரம் பேர் என் அம்மாவுக்கு விழுந்த அடியை எண்ணினார்கள். குழந்தைகள் தோளில் உட்கார்ந்து எண்ணினார்கள்.

நாலு. அஞ்சு.

பூச்செண்டு மண்ணில் விழுந்தது. அம்மாவின் கைகள் தலைக்குப் போயின.

ஆறு. ஏழு.

கூட்டம் நிறுத்தியது. பாட்டில் ஏழோடு சரி. ஆனால் அப்பாவின் வலது கை மறுபடி உயர்ந்தது. பழகிய கை. அதற்கு ஒன்று மிச்சம் இருந்தது.

பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தேன். எலும்பு. வெறும் எலும்பு. அதற்கா நாங்கள் அப்படிப் பயந்தோம்?

இடது கைக் குச்சியால் என் முகத்தில் அடித்தார். புருவம் பிளந்தது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. மைதானம் சிவந்தது.

"எண்ணுலே!" என்றார். மைக் அதை ஊருக்கே சொன்னது.

"எட்டு" என்றேன் மைக்கில். "எங்க அம்மா தலையில விழுந்தது எட்டாவது. நீங்க எல்லாரும் இப்ப எண்ணுனது அவ முதுகுல விழுந்தது. அத பாட்டாக்கி உங்களுக்குக் கொடுத்தவன் நான்."

முதலில் ஒரு சிரிப்பு. பிறகு ஒரு கெட்ட வார்த்தை. தண்ணீர் பாட்டில் ஒன்று என் நெஞ்சில் வந்து மோதியது. ஒரு நாற்காலி மேடையேறியது. "பெத்த அப்பனையா அசிங்கப்படுத்துத?" என்று ஒருவர் என் சட்டையைக் கிழித்தார். யாரோ அடித்தார்கள். யாரோ இழுத்தார்கள். மழை இறங்கியது, கல் எறிவது போல.

அந்தக் கலவரத்தின் நடுவே அம்மா எழுந்தாள். கைகளைத் தலையிலிருந்து எடுத்தாள். மேடைப் படியேறி வந்தாள். அப்பாவின் பக்கம் திரும்பவில்லை. என் கையைப் பிடித்து, உடைந்த நாற்காலிகளைத் தாண்டி நடந்தாள்.

ஆட்டோவில் முந்தானையைச் சுருட்டி என் புருவத்தில் அழுத்தினாள். ஆஸ்பத்திரியில் ஆறு தையல்.

"வீட்டுக்குப் போவ வேண்டாம் மக்கா" என்றாள். நாற்பது வருடத்தில் அவள் எடுத்த முதல் முடிவு. நேராக ரயில் நிலையம் போனோம்.

*

மைதானத்தில் யாரோ எடுத்த வீடியோவைப் பல லட்சம் பேர் பார்த்தார்கள். அப்பனைக் காட்டிக் கொடுத்தவன் என்று எழுதினார்கள். சண்டைப் படங்கள் என்னை விட்டுப் போயின. தாளம் போகவில்லை. கட்சி ஊர்வலத்தில் அடிக்கிறார்கள். கல்யாணத்தில் மாப்பிள்ளை நுழையும்போது போடுகிறார்கள். அதை நான் திரும்பப் பெற முடியாது. நான் செத்த பிறகும் யாராவது எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

அப்பா ஊரில் தனியாக இருக்கிறார். போன் செய்ததில்லை. நானும் செய்ததில்லை.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு சின்னப் படம் வந்தது. ஒரு பெண் இயக்குநர். ஐம்பது வயதுக்காரி ஒருத்தி வெறிச்சோடிய சாலையில் ஸ்கூட்டர் ஓட்டப் பழகுகிறாள். விழுகிறாள், எழுகிறாள், மறுபடி கிளம்புகிறாள். மதிய வெளிச்சம். நான்கு வயலின், ஒரு செல்லோ, ஒரு புல்லாங்குழல்.

அம்மா ரெக்கார்டிங்குக்கு வருவதாகத் தானே சொன்னாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம், சுழல் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். ஒலியை மிகவும் தணித்து வைக்கும்படி இன்ஜினியரிடம் முன்பே சொல்லியிருந்தேன்.

வயலின்கள் எழுந்தன. ஸ்கூட்டர் நகர்ந்தது. அம்மா கொஞ்ச நேரம் கேட்டாள். முகம் சுளித்தாள். நிறுத்தச் சொல்ல நான் கையை உயர்த்தினேன்.

"ஏன் இப்படி மொணமொணக்குது?" என்றாள். "அந்தத் தம்பிகிட்ட நல்லா சத்தமா வைக்கச் சொல்லு."

இன்ஜினியர் என்னைப் பார்த்தார். பிறகு கூட்டினார். கண்ணாடி லேசாக அதிர்ந்தது.

"இன்னும் கொஞ்சம்" என்றாள் அம்மா.